ஆங்கிலத் தாளில் மார்க் எங்கே போகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

"சாரே, இவனுக்கு இங்கிலீஷ் ஒண்ணும் ஏறல்ல." சாயங்கால டியூஷனுக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் பெற்றோர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். நோட்டை வாங்கிப் பார்த்தால் கதை வேறு. நம் குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளும் குளச்சல், முட்டம் கடலோரத்துப் பிள்ளைகளும் செய்கிற தப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த நாலைந்தும்தான் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்காக இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி நடத்தினால் பிள்ளைக்கும் சலிப்பு, தப்பும் போகாது. எந்தத் தப்போ அதை மட்டும் பிடிக்க வேண்டும்.

போன பரீட்சையின் விடைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மை பட்ட இடங்களில் எந்த வகைத் தப்பு அதிகம் என்று பாருங்கள். கீழே அதற்கான தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு தப்பைத்தான் எடுக்க வேண்டும். அது அடங்கிய பிறகே அடுத்தது.

அறிகுறி 1: வினைச்சொல்லின் கடைசி 'எஸ்' விழுந்துவிடுகிறது

"மை ஃபாதர் டேப் ரப்பர்." "மை மதர் செல் ஃபிஷ்." அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மா மீன் விற்கிறாள் என்பதைத்தான் பிள்ளை இப்படி எழுதுகிறது. நம் மாவட்டத்து நோட்டுகளில் இதைவிட அதிகமாக நான் திருத்திய தப்பு வேறு இல்லை.

முதல் சோதனை: எதுவும் சொல்லிக்கொடுக்காமல், அந்த வாக்கியத்தைப் பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "ஐயோ, டேப்ஸ்" என்று தானே திருத்தினால் விதி தெரிந்திருக்கிறது, எழுதும் வேகத்தில்தான் விடுபடுகிறது. பரீட்சையில் கடைசி ஐந்து நிமிடம் வினைச்சொற்களை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். வேறு வைத்தியம் வேண்டாம்.

தானாகத் திருத்தவில்லை என்றால் தமிழையே துணைக்குக் கூப்பிடுங்கள். வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி, வினையின் முடிவைக் கவனியுங்கள். போகிறான், போகிறாள், போகிறது என்று முடிந்தால் ஆங்கில வினைக்கு எஸ் உண்டு. போகிறேன், போகிறாய், போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள் என்று முடிந்தால் எஸ் கிடையாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'போகிறார்.' அப்பா, டீச்சர், தாத்தா என்று மரியாதைக்குரிய எல்லாரும் இதில்தான் வருகிறார்கள். 'ஆர்' என்று கேட்டதுமே பிள்ளை பன்மை என்று எண்ணி எஸ்ஸை விட்டுவிடுகிறது. அம்மா மீன் விற்கும் வாக்கியத்தைச் சரியாக எழுதிய பிள்ளை, அப்பா பால் வெட்டும் வாக்கியத்தில் சறுக்குவது இதனால்தான். "எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒருவர் என்றால் எஸ் போட வேண்டும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

களியக்காவிளை, விளவங்கோடு பக்கம் வீட்டிலும் பள்ளியிலும் மலையாளம் புழங்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தமிழ்ச் சோதனை ஓடாது. மலையாளத்தில் நான் என்றாலும் அவள் என்றாலும் அவர்கள் என்றாலும் 'போகுன்னு' ஒன்றே. அவர்களுக்கு மாற்றுச் சோதனை: எழுவாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹி, ஷி, இட் என்ற மூன்றில் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் எஸ் உண்டு. வி, தே தான் பொருந்துகிறது என்றால் இல்லை. ஐ, யூ என்று எழுவாய் நேராகவே வந்தாலும் இல்லை.

இப்போது எஸ் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டதா? "டஸ் ஷி கோஸ்?" "ஹி கேன் ஸ்விம்ஸ்." இது முன்னேற்றத்தின் அடையாளம், பயப்பட வேண்டாம். டஸ் ஏற்கெனவே எஸ்ஸை எடுத்துக்கொண்டது, பின்னால் வரும் வினைக்கு மிச்சம் இல்லை. கேன், வில், மஸ்ட், ஷுட் வந்தால் எஸ்ஸுக்கு வேலையே இல்லை.

அறிகுறி 2: ரெண்டு வினை ஒன்றோடொன்று மோதுகிறது

"ஐ ஆம் கோ டு சர்ச்." "டிட் யூ வென்ட்?" "ஹி இஸ் வென்ட்."

துணைவினையைச் சுற்றி பென்சிலால் ஒரு பெட்டி, அதிலிருந்து அடுத்த வினைக்கு ஓர் அம்பு. அம்பு எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த வினையின் வடிவத்தைத் துணைவினைதான் தீர்மானிக்கிறது. டூ, டஸ், டிட் என்றால் வெறும் வினை. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என்றால் 'இங்' சேர்ந்த வடிவம். செயப்பாட்டு வினையாக இருந்தால் மட்டும் மூன்றாம் வடிவம் (கோ, வென்ட், கான் வரிசையில் கான் போல). ஹேவ், ஹேஸ், ஹேட் என்றால் எப்போதும் மூன்றாம் வடிவம். கேன், வில், மஸ்ட் என்றால் மறுபடியும் வெறும் வினை. இந்த நாலு வரியை நோட்டின் உள்அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியும் அம்பும் சரியாகப் போட்டும் விடை தப்பாகிறதா? அப்படியானால் கோளாறு இலக்கணத்தில் இல்லை. கோ, வென்ட், கான் என்ற மூன்று வடிவங்கள் மனப்பாடமாகவில்லை. இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து வினை, சத்தமாக, இரவுச் சாப்பாட்டுக்கு முன். வடிவம் மாறாத கட், புட், ஹிட் போன்றவற்றைத் தனிப்பட்டியலாகப் படிக்க வைத்தால் சீக்கிரம் ஏறும்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதும் இந்த வகைதான். உடைமையைச் சொல்லும் ஹேவ், மனதில் நடப்பதைச் சொல்லும் நோ (தெரிவது), லைக், அண்டர்ஸ்டாண்ட் இவற்றுக்கு 'இங்' போடாமல் எழுதப் பழக்குங்கள். சாப்பிடுகிற அர்த்தத்தில் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. அதை வெட்டிவிட வேண்டாம்.

அறிகுறி 3: பத்தியின் நடுவில் காலம் மாறிவிடுகிறது

நேற்று கன்னியாகுமரிக்குப் போனதாக ஆரம்பிக்கும் கட்டுரை நாலாவது வரியில் நிகழ்காலத்துக்குத் தாவியிருக்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'நே', 'இ', 'நா' என்று நேற்று, இன்று, நாளையைக் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாம் 'நே' ஆக இருந்து நடுவில் ஒரே ஓர் 'இ' வந்தால் அங்கே நிறுத்தி ஒரு கேள்வி: இது எப்போதும் உண்மையான செய்தியா? சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போன்றதென்றால் நிகழ்காலம் இருக்கட்டும். இல்லையென்றால் மாற்றுங்கள்.

அறிகுறி 4: ஆங்கிலச் சொற்கள், அடியில் தமிழ் வாக்கியம்

இதற்கு விதி சொல்லி மாளாது. அடிக்கடி வருகிறவற்றை அப்படியே பிடித்துத் திருத்துவதுதான் வழி.

"ஆல்தோ இட் ரெயின்ட், பட் வி வென்ட்": ஆல்தோ இருந்தால் பட் வேண்டாம், பட் இருந்தால் ஆல்தோ வேண்டாம். "டெல் மி வேர் இஸ் த பஸ்": கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் 'வேர் த பஸ் இஸ்' என்று வரிசை மாறும். "ஐ வென்ட் டு ஹோம்": ஹோமுக்கு முன்னால் டு இல்லை. "வி டிஸ்கஸ்ட் அபௌட் இட்": டிஸ்கஸ் வந்தால் அபௌட் வேண்டாம்.

அ, ஆன் குழப்பத்துக்கு எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். ஆன் அவர் (ஒரு மணி நேரம்), ஆன் எம்.எல்.ஏ., அ யுனிவர்சிட்டி. 'த' போடுவதற்கு நம் ஊரே நல்ல பாடம். தி அரேபியன் சீ, தி இண்டியன் ஓஷன், த பே ஆஃப் பெங்கால் மூன்றுக்கும் 'த' உண்டு. குழித்துறையில் ஓடும் தாமிரபரணி ஆற்றுக்கும் உண்டு. குழித்துறைக்கு, நாகர்கோவிலுக்கு, கன்னியாகுமரிக்கு இல்லை. கடலும் ஆறும் 'த' வாங்கும், ஊர்ப்பெயர் வாங்காது என்று இங்குள்ள பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் மறக்காது.

அறிகுறி 5: கவிதை ஒப்பிடச் சொன்னால் ரெண்டு தனிக் கதை எழுதிவைக்கிறது

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மார்க்கை இழக்கிற இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சோதனை சுலபம். விடையின் ரெண்டாவது பாதியைக் கையால் மூடுங்கள். தெரிகிற பாதியில் ரெண்டாவது கவிதையின் பெயராவது வருகிறதா? வரவில்லை என்றால் எழுதியிருப்பது ஒப்பீடு அல்ல, அடுத்தடுத்து வைத்த ரெண்டு சுருக்கம்.

கடலோரப் பிள்ளைகளுக்கு நான் எடுப்பது ரெண்டு கடல் கவிதைகள்: டென்னிசனின் 'பிரேக், பிரேக், பிரேக்', ஜான் மேஸ்ஃபீல்டின் 'ஸீ ஃபீவர்'. முன்னது 1842-இல் அச்சானது, பின்னது 1902-இல். இந்த ஆண்டுகளோ கவிஞர் எங்கே பிறந்தார் என்பதோ ஒப்பீட்டுக்கு வேண்டியதில்லை. வாழ்க்கை வரலாற்றில் முதல் ஆறு வரியைச் செலவழிக்கிற வழக்கத்தை முதலில் விடச் செய்யுங்கள்.

நோட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒரு பக்கம் ஒரு கவிதை, மறுபக்கம் மற்றது. இடது ஓரத்தில் கேள்விகள்: பேசுகிறவர் எங்கே நிற்கிறார்? கடலிடம் என்ன வேண்டுகிறார்? சுற்றி யார் இருக்கிறார்கள்? கடைசியில் என்ன ஆகிறது?

டென்னிசனுடைய ஆள் கரையில் நிற்கிறார். இறந்துபோன நண்பரின் துக்கம். அலை குளிர்ந்த பாறையில் வந்து மோதிக்கொண்டே இருக்கிறது, இவருக்கோ மனதில் உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை. மீனவச் சிறுவன் ஒருவன் தங்கையோடு கத்தி விளையாடுகிறான், படகில் ஒரு பையன் பாடுகிறான், கப்பல்கள் துறைமுகத்துக்குப் போகின்றன. எல்லாருடைய வாழ்க்கையும் நடக்கிறது, இவருக்குப் போனது போனதுதான். மேஸ்ஃபீல்டின் ஆள் கரையில் நிற்கவே விரும்பவில்லை. மறுபடி கடலுக்குப் போயாக வேண்டும் என்கிறார். உயரமான ஒரு கப்பல், வழிகாட்ட ஒரு நட்சத்திரம், காற்று, கடல் காக்கைகளின் சத்தம், கூடப் பயணம் செய்கிற ஒருவர் சிரித்துச் சொல்லும் கதை, கடைசியில் நிம்மதியான தூக்கம். கேட்பது அவ்வளவுதான்.

கட்டங்கள் நிரம்பியதும் பிள்ளைக்கே தெரிந்துவிடும். கடல் ரெண்டிலும் ஒன்றுதான், ஒருவருக்கு அது இழப்பை நினைவூட்டுகிறது, மற்றவரைக் கூப்பிடுகிறது. இந்த ஒரு வரிதான் விடையின் முதுகெலும்பு. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கேள்வியை எடுத்து, ரெண்டு கவிதையையும் ஒரே பத்திக்குள் கொண்டுவர வேண்டும். இணைக்க வைல், வேர்ஆஸ், போத், அன்லைக் என்ற நாலு சொல் போதும்.

கட்டம் சரி, விடை இன்னும் மெலிவாக இருக்கிறதா? ரெண்டு காரணம் இருக்கலாம்.

ஒற்றுமையை மட்டும் எழுதியிருக்கலாம். "ரெண்டும் கடலைப் பற்றியது, ரெண்டிலும் திரும்ப வரும் சொல் உண்டு." சரி, எங்கே பிரிகின்றன? ஒவ்வொரு ஒற்றுமைக்கும் பின்னால் 'ஆனால்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திரும்ப வரும் சொல்லையே எடுங்கள். டென்னிசனில் ஒரே சொல் மூன்று முறை, இடைவெளி விட்டு, அலை வந்து அறைவது போல விழுகிறது. மேஸ்ஃபீல்டில் மூன்று பத்தியும் ஒரே ஆசையோடு தொடங்குகின்றன, கேட்கக் கேட்க ஏக்கம் கூடுகிறது. ஒரே உத்தி, ரெண்டு வேலை. மார்க் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அல்லது அணிகளின் பெயரை மட்டும் பட்டியல் போட்டிருக்கலாம். சிமிலி (உவமை) இருக்கிறது, அலிட்டரேஷன் (ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள்) இருக்கிறது, பெர்சானிஃபிகேஷன் (உயிரற்றதை ஆளாகப் பேசுவது) இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'அதனால்' என்று சேர்த்து வாக்கியத்தை முடிக்க வேண்டும். முடிக்க முடியாத அணியை அடித்துவிடலாம். ரெண்டு அணியை விளக்கியவருக்கு ஆறு அணியின் பெயரை எழுதியவரைவிட மதிப்பு அதிகம்.

கட்டத்தையே நிரப்ப முடியவில்லை என்றால் பிள்ளைக்குக் கவிதையே புரியவில்லை. அப்போது ஒப்பீட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியையும் தமிழில் ரெண்டு வரியாக, தன் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். 'ஆங்கிலப் பாடத்தில் தமிழா' என்று சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நம் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, எட்வின் அர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவித்தான் 'ஆசிய ஜோதி' பாடினார். ஆங்கிலக் கவிதையைத் தமிழ் மனதுக்குள் வாங்கிப் பார்ப்பது படிப்புக்குக் குறைவல்ல, அதுவே முதல் படி. பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல வந்த பிறகு கட்டத்துக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 6: சுருக்கம் சுருங்கவில்லை

பாடப்பகுதி முப்பது வரி, சுருக்கம் இருபத்தைந்து. வழக்கமான அளவு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைக்கு அது தெரியும், எதை விடுவது என்றுதான் தெரியாது.

ஓர் உதாரணம். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி ஒரு பத்தி கொடுக்கிறேன் என்று வையுங்கள். பறளியாற்றின் மேல் ரெண்டு மலைகளுக்கு நடுவே நிற்கிறது. உயரம் 115 அடி. 28 தூண்கள். காமராஜர் முயற்சியில் வந்தது. பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரை ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கொண்டுபோகிறது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் விவசாயத்துக்கு அது கைகொடுத்தது. இன்று வெளியூர்க்காரர்கள் மேலே நடந்து போட்டோ எடுக்கிறார்கள். கீழே பார்த்தால் தென்னந்தோப்பு அழகு.

ஒவ்வொரு வரியையும் விரலால் மறைத்துவிட்டு, பத்தி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தென்னந்தோப்பை மறைத்தால் நிற்கிறது. அதை விடலாம். போட்டோவை விடலாம், சுற்றுலா என்ற ஒரு சொல் போதும். தண்ணீரை மறைத்தால்? பாலம் எதற்கு என்றே தெரியாமல் போகிறது. அதுதான் மையம். இனி 115 அடியும் 28 தூணும். பிள்ளைகள் எண்ணைக் கண்டால் விடவே மாட்டார்கள். பத்தி கட்டுமானத்தைப் பற்றியது என்றால் எண் தங்கட்டும், பாசனத்தைப் பற்றியது என்றால் 'உயரமான' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கட்டும். எண் முக்கியமா என்பதைப் பத்தியின் தலைப்பு முடிவுசெய்யும். அதனால்தான் தலைப்பைக் கடைசியில் யோசிக்காமல் முதலிலேயே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

மிஞ்சுவது இவ்வளவு: பறளியாற்றின் மேல் உயரமாக நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம், காமராஜர் முயற்சியில் உருவாகி, பட்டணங்கால் தண்ணீரை மலை தாண்டிக் கொண்டுபோய் ரெண்டு வட்டங்களின் விவசாயத்துக்கு உதவியது, இன்று சுற்றுலா இடமாகவும் இருக்கிறது. இதைத்தான் பிள்ளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

அளவு சரி, ஆனால் வரிகள் அப்படியே காப்பி என்றால்: பகுதியை ரெண்டு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை எழுதச் சொல்லுங்கள். திறந்து பார்ப்பது பெயரையும் ஆண்டையும் சரிபார்க்க மட்டும்.

சொந்தக் கருத்து நுழைகிறது என்றால்: "ஐ திங்க்", "வி ஷுட்" என்று தொடங்கும் வரிகளைத் தேடி வெட்டுங்கள். மூலத்தில் இல்லாத நல்ல கருத்தும் சுருக்கத்தில் தப்புதான்.

சுருக்கம் கோர்வையாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்றால், ரஃப் காப்பி போடாமல் நேராக ஃபேர் எழுதியிருக்கிறது. ரெண்டு தடவை எழுத நேரமில்லை என்று சொன்னால், குறிப்பை மட்டுமாவது ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

எப்போது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும்

மேலே சொன்னதற்கெல்லாம் ஒரு நோட்டும் பென்சிலும் போதும், செலவு இல்லை. ஒரே தப்பை ஒரு மாதம் பிடித்தும் அசையவில்லை என்றால் முதலில் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் விடைத்தாளோடு போங்கள். அவருக்குப் பிள்ளையைத் தெரியும், காசும் ஆகாது. அதற்கு அடுத்துதான் தனி டியூஷன், அதுவும் கூட்டமில்லாத இடமாக. எழுத்தில் தப்பு வரும் பிள்ளையை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ப்பது என் அனுபவத்தில் பணத்துக்கு நஷ்டம். பேச்சு வரும், தாளில் அதே தப்பு இருக்கும்.

சில அறிகுறிகளுக்கு டியூஷன் மாஸ்டர் மருந்தல்ல. கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் எழுத்துகள் விடுபடுகின்றன, வாசிக்கும்போது தலைவலி வருகிறது என்றால் கண் பரிசோதனை முதலில். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் பி-யும் டி-யும் இடம் மாறுவது சின்ன வகுப்பில் சகஜம். ஆறாம் வகுப்புக்கு மேலும் அது தொடர்ந்தால், தமிழை வாசிக்கவும் அதேபோலத் திணறினால், வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்லி எழுதச் சொன்னால் ஒரு வரியும் வராமல் இருந்தால், அது சோம்பல் அல்ல. அடித்தோ திட்டியோ மாற்ற முயல வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொல்லி, கல்வித்துறையின் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் (ஸ்பெஷல் டீச்சர்) பார்க்க ஏற்பாடு கேளுங்கள். கற்றல் குறைபாடு என்று மருத்துவச் சான்று கிடைத்தால் அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் சான்று கைக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும். ஆகவே சந்தேகம் வந்த வருடத்திலேயே, பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல், தலைமையாசிரியரைப் பாருங்கள்.